அலெஃப்-பெட் வகுப்பும் அலுவலக மேசையும்: எந்த உரிமை எங்கே நிற்கும்?

மாசசூசெட்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 52. கணவர் யூதர். வாசகி திருமணத்துக்குப் பின் முறைப்படி யூத மதத்தைத் தழுவியவர். குடும்பம் உறுப்பினராக இருக்கும் ரிஃபார்ம் பிரிவு ஜெப ஆலயத்தின் மதப்பள்ளியில் நான்கு ஆண்டுகளாக மூன்றாம் வகுப்பு ஆசிரியர். ஞாயிறு காலை மூன்று மணி நேரம், புதன் மாலை இரண்டு மணி நேரம். வாரத்துக்கு 180 டாலர், ஆண்டுக்கு 30 வாரம். இந்தப் பணத்துக்கு 1099 படிவம், அதாவது ஊழியர் அல்லாதவருக்கான வரிப் படிவம், தருகிறார்கள். இரண்டு ஆண்டுகளாக அதே பள்ளியின் அலுவலகத்திலும் வாரம் 15 மணி நேரம் வேலை. மணிக்கு 19 டாலர், இதற்கு டபிள்யூ-2, அதாவது ஊழியருக்கான சம்பளப் படிவம்.

மே 4 அன்று கல்வி இயக்குநர் அழைத்து, பள்ளியை மாற்றியமைப்பதால் அவருக்கும் இன்னும் இரண்டு ஆசிரியர்களுக்கும் அடுத்த ஆண்டு வேலை இல்லை என்றார். “குடும்பங்கள் இளம் ஆசிரியர்களை எதிர்பார்க்கிறார்கள், முன் மேசையிலும் இளம் முகம் வேண்டும்” என்றும் சொன்னாராம். அலுவலக வேலை இப்போது 25 வயதுப் பெண்ணிடம் போயிருக்கிறது. வீட்டிலிருக்கும் ஆசிரியர் கையேடுகளையும் எழுத்து அட்டைகளையும் திருப்பித் தரும்வரை கடைசி மூன்று வாரச் சம்பளம் கிடையாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ‘எல்லா பாக்கியும் சேர்த்து’ 1,500 டாலர் தருவதாக ஒரு தாளை நீட்டி, ஐந்து நாளில் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வயதுப் பாகுபாட்டு வழக்கு நிச்சயம் ஜெயிக்கும், வேலையில்லாக் காப்பீடு கிடைக்கும், பாடம் தயாரித்த நேரத்துக்கும் கணக்குப் போட்டு வாங்கலாம், ஆனால் 1099 என்பதால் சம்பளச் சட்டம் தனக்குப் பொருந்தாது. வாசகி நம்புவது இவ்வளவும்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நம்பும் நான்கில் மூன்று தவறு. மிச்சமிருக்கும் ஒன்று, வயது வழக்கு, பாதிதான் சரி. கேட்க வருத்தமாக இருக்கும். ஆனால் நீங்கள் கணக்கிலேயே சேர்க்காத இடங்களில் உங்கள் பிடி வலுவாக இருக்கிறது. அவற்றுக்கு முன்னால், கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக நீங்கள் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். வேலையைவிட அவசரம் அதற்குத்தான்.

அந்தச் சிறுவன்

ஏப்ரல் கடைசி ஞாயிறன்று தின்பண்ட நேரத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் முதுகில் இருந்த பெல்ட் தடத்தைக் காட்டி, வீட்டில் அடித்தார்கள் என்று சொன்னான். நீங்கள் இயக்குநரிடம் சொன்னீர்கள். தெரிந்த குடும்பம்தான், ரபியிடம் (யூத மதகுருவிடம்) பேசிக்கொள்கிறேன், வெளியே பேசினால் அது ‘லஷோன் ஹரா’, அதாவது புறங்கூறும் பாவம் என்று அவர் பதில் சொன்னார். ஆறு வாரமாகிவிட்டது.

மாசசூசெட்ஸ் சட்டத்தின் 119ஆம் அத்தியாயம், 51ஏ பிரிவு, குழந்தைகளுக்குக் கற்பிக்க மத அமைப்பு வேலைக்கு வைத்திருப்பவர்களையும் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையல்ல. குழந்தைகள், குடும்பங்கள் துறைக்கு உடனே வாய்மொழியாகச் சொல்லி, 48 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தர வேண்டும். தவறினால் 1,000 டாலர் வரை அபராதம் உண்டு. பள்ளிப் பொறுப்பாளரிடம் சொன்னால் தெரிவிக்கும் பொறுப்பு அவருக்குப் போய்விடும் என்று அதே பிரிவில் ஒரு வழி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அவர் தெரிவித்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. அவருடைய பதிலைப் பார்த்தால் தெரிவித்ததாகத் தோன்றவில்லை. ரபியிடம் சொல்வது துறைக்குச் சொன்னதாகாது. லஷோன் ஹரா என்ற வாதமும் இங்கே எடுபடாது. ஒருவருக்கு வரப்போகும் தீங்கைத் தடுக்கப் பேசுவதை யூத மதச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது.

ஆகவே இதைப் படித்த அன்றே துறையின் 24 மணி நேர எண்ணை அழையுங்கள். பையன் சொன்ன வார்த்தைகள், தேதி, தடம் எந்த இடத்தில் இருந்தது, இயக்குநரிடம் எப்போது சொன்னீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள், குடும்பத்தை நேரில் போய் விசாரிக்காதீர்கள். வேலை முடிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம்.

நீங்கள் இயக்குநரிடம் சொன்னதற்கும் மே 4க்கும் நடுவே ஒரு வாரம்தான் இடைவெளி. நல்ல நம்பிக்கையோடு 51ஏ புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால், முதலாளி மூன்று மடங்கு இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் தர வேண்டிவரும். நீங்கள் அப்போது துறையிடம் போகாமல் உள்ளேயே சொன்னதால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு முழுதாக வருமா என்பது வாதத்துக்குரியது. தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நேரில் பார்க்கும் வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

ஆசிரியர் வேலை: இங்கே கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது

“நான் ரபியும் இல்லை, மதம் மாறி வந்தவள், பகுதிநேர ஆசிரியை, என்னை எப்படி மதகுரு என்பார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2012இல் ஹொசன்னா-டேபர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘மதப்பணியாளர் விலக்கு’ என்பதை ஒருமனதாக ஏற்றது. தன் மதத்தைப் போதிப்பவர் யார் என்று மத அமைப்பு முடிவு செய்யும்போது, பாகுபாட்டுச் சட்டங்களை வைத்து நீதிமன்றம் உள்ளே வராது என்பது அதன் சாரம். அந்த வழக்கில் வேலை இழந்த ஆசிரியைக்கு மதப்பணி ஒரு நாளில் 45 நிமிடம்தான். கடிகாரம் வைத்து இதை அளக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020இல் ‘அவர் லேடி ஆஃப் குவாடலூப்பே’ என்ற பள்ளியின் வழக்கில் இன்னும் ஒரு படி போய், பட்டமும் பதவிப்பெயரும் முக்கியமில்லை, செய்யும் வேலைதான் முக்கியம் என்றது. பிள்ளைகளுக்குக் கற்பிப்பது யூத மதத்தில் எவ்வளவு மையமானது என்பதையும் அந்தத் தீர்ப்பு தனியாகக் குறிப்பிடுகிறது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. டெம்பிள் இமானுவேல் ஆஃப் நியூட்டன் வழக்கு, 2012, மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம். ஜெப ஆலயத்தின் துணைப்பள்ளி ஆசிரியை, பகுதிநேரம், ரபி அல்ல, பள்ளியை மாற்றியமைத்தபோது வேலை போனது, வயதுப் பாகுபாடு என்று புகார். உங்கள் கதையேதான். மதத்தைக் கற்பிப்பதற்காக மட்டுமே நடக்கும் பள்ளியில் யார் கற்பிக்கலாம் என்பதில் அரசு தலையிடக் கூடாது என்று புகாரை நிறுத்திவிட்டார்கள். அலெஃப்-பெட் (ஹீப்ரு எழுத்துகள்), ஷெமா (யூதர்களின் அடிப்படைப் பிரார்த்தனை), பஸ்காவுக்கு மாதிரி சேடர் (பஸ்கா இரவு விருந்துச் சடங்கு) என்று நீங்கள் எழுதியிருக்கும் பாடப்பட்டியலை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைச் சுற்றிப் போக எனக்கு வழி தெரியவில்லை. “நான் ஹீப்ரு மொழி மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்ற வாதமும் பலிக்காது. மில்வாக்கி யூதப் பகல்பள்ளி ஹீப்ரு ஆசிரியை ஒருவரின் வழக்கில் 2018இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரையும் விலக்குக்குள்தான் வைத்தது.

இளம் ஆசிரியர் வேண்டும் என்று இயக்குநர் சொன்னது அசிங்கமான பேச்சு. ஆனால் ஆசிரியர் பதவியைப் பொறுத்தவரை அதற்காக வழக்கறிஞர் கட்டணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

அலுவலக வேலை: இங்கே கதவு திறந்திருக்கிறது

ஒரே ஆள்தான், ஆனால் உங்களுக்கு இரண்டு வேலை. இரண்டு நியமனக் கடிதம், இரண்டு விதமான சம்பளம். வருகைப்பதிவு, வேர்க்கடலை இல்லாத தின்பண்டம் வாங்குவது, வராத ஆசிரியருக்கு மாற்று ஆள் தேடுவது, கட்டண ரசீது, யார் பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல், வாசல் பொத்தானை அழுத்தித் திறப்பது. இதில் மதபோதனை எங்கே இருக்கிறது? கிறிஸ்தவக் கல்லூரியான கார்டன் கல்லூரியின் சமூகப்பணிப் பேராசிரியை மதப்பணியாளர் அல்ல என்று 2021இல் இதே மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத நிறுவனத்தில் வேலை பார்ப்பதாலேயே எல்லோரும் விலக்குக்குள் விழுவதில்லை.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே வேலைதான், பாத் மிட்ஸ்வா (பெண்பிள்ளை மதப்பொறுப்பு ஏற்கும் வயதை அடையும் சடங்கு) தேதிகளையும் அதில் ஓதும் தோரா (யூத வேதம்) பகுதிகளையும் அவர்தான் ஒழுங்கு செய்தார் என்பார்கள். ரபி கொடுத்த பட்டியலைத் தட்டச்சு செய்வது வேறு, எந்தப் பகுதியை எந்தப் பிள்ளை ஓத வேண்டும் என்று தீர்மானிப்பது வேறு. நீங்கள் செய்தது முதலாவது என்றால், அதைக் காட்டும் மின்னஞ்சல் ஒன்றிரண்டு போதும்.

‘முன் மேசையிலும் இளம் முகம்’ என்ற வார்த்தை இந்த வேலையைப் பற்றியது. அதுவும் 25 வயதுக்காரரிடம் போயிருக்கிறது. மாநிலப் பாகுபாட்டு ஆணையமான எம்சிஏடியில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. கெடு 300 நாள். அது கடைசி வேலை நாளிலிருந்து அல்ல, உங்களிடம் சொன்ன மே 4இலிருந்து ஓடுகிறது. பிப்ரவரி கடைசிக்குள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நவம்பரைத் தாண்டவிட மாட்டேன். மாநிலச் சட்டத்துக்கு ஆறு ஊழியர் இருந்தால் போதும். கூட்டாட்சி வயதுச் சட்டத்துக்கு 20 பேர் வேண்டும். ஊழியர் பட்டியலில் 23 பெயர் என்கிறீர்கள்; 1099 ஆசிரியர்களைக் கழித்தால் 11தான் என்று அவர்கள் சொல்லக்கூடும். அதனால் அடுத்த விஷயம் வெறும் வரி விஷயம் இல்லை.

1099 கொடுத்துவிட்டால் ஊழியர் இல்லை என்றாகுமா?

ஆகாது. மாசசூசெட்ஸில் (149ஆம் அத்தியாயம், 148பி பிரிவு) வேலை செய்பவர் ஊழியர் என்றுதான் சட்டம் தொடங்கும். இல்லை என்பவர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: அவர்கள் கட்டுப்பாட்டில் நீங்கள் இல்லை, வேலை அவர்களுடைய வழக்கமான பணிக்கு வெளியே உள்ளது, அதே தொழிலை நீங்கள் சொந்தமாகத் தனியே நடத்துகிறீர்கள். இரண்டாவதிலேயே கதை முடிந்துவிடும். மதப்பள்ளியில் மதம் கற்பிப்பது பள்ளியின் வழக்கமான பணி இல்லை என்று யார் சொல்ல முடியும்? பாத் மிட்ஸ்வாவுக்குப் பல வீடுகளுக்குப் போய்த் தனிப்பயிற்சி தருபவர் நிலை வேறு. மணி அடித்ததும் வகுப்புக்குள் போகிறவர் நிலை வேறு.

இயக்குநர் உங்களிடம் சொன்ன இன்னொரு விளக்கம், “நீங்களும் ஒருவகையில் குருமார்தான், அதனால்தான் 1099”. இங்கே இரண்டு சட்டம் குழம்பியிருக்கிறது. பாகுபாட்டு வழக்கில் ஆசிரியரை மதப்பணியாளர் எனலாம். வரிச் சட்டத்தில் குருமார் என்பது ரபி, கேன்டர் (வழிபாட்டில் பாடி நடத்துபவர்) போல முறைப்படி அமர்த்தப்பட்டவர்களுக்கு மட்டும். யாரோ சொன்னார்கள் என்று அவர்களுக்கான வீட்டு வாடகை வரிச்சலுகையை நீங்கள் கணக்கில் காட்டிவிடாதீர்கள்.

ஆண்டுக்கு 5,400 டாலருக்குச் சுயதொழில் வரியாக ஏறக்குறைய 763 டாலர் கட்டியிருப்பீர்கள். ஊழியராக இருந்திருந்தால் உங்கள் பங்கு 413தான். வருமான வரித் துறைக்கு எஸ்எஸ்-8 படிவம் கொடுத்து நிலையைத் தீர்மானிக்கக் கேட்கலாம். 8919 படிவத்தில் ஊழியர் பங்கை மட்டும் கட்டலாம். பழைய கணக்குகளைத் திருத்திப் பணம் திரும்பப் பெறப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம். ஒரே முதலாளி ஒரே ஆளுக்கு 1099உம் டபிள்யூ-2உம் கொடுத்திருப்பது துறையின் கண்ணில் பட்டென்று படும். எஸ்எஸ்-8 போனால் பள்ளிக்கும் கடிதம் போகும். எனவே சமரசம் பேசுவதாக இருந்தால் அதைப் பேசி முடித்த பின் அனுப்புங்கள்.

நிறுத்தி வைத்த சம்பளமும் 1,500 டாலர் தாளும்

இதுதான் உங்களுடைய மிக வலுவான இடம். கணக்குப் பார்ப்போம். அலுவலகம் 45 மணி நேரம், 855 டாலர். வகுப்பு மூன்று வாரம், 540 டாலர். மொத்தம் 1,395. உங்களுக்கு நீட்டிய தொகை 1,500. ஆக, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் உண்மையில் தருவது 105 டாலர்.

மாநிலச் சம்பளச் சட்டப்படி வேலையிலிருந்து நீக்கினால் அன்றே முழுச் சம்பளமும் கைக்கு வர வேண்டும். நீக்கவில்லை, ஒப்பந்தம்தான் முடிந்தது என்று வாதிட்டாலும் வழக்கமான சம்பள நாளைத் தாண்ட முடியாது. கையேடு வரவில்லை என்று நிறுத்தி வைக்கவும் முடியாது. முதலாளி தானே நஷ்டத்தைத் தீர்மானித்துச் சம்பளத்தில் பிடிப்பது செல்லாது என்று 2011இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மீறினால் மூன்று மடங்கு. இதில் நீதிபதிக்கு விருப்பத் தேர்வு கிடையாது. தாமதமாகக் கொடுத்த சம்பளத்துக்கும் அதே மூன்று மடங்குதான் என்று 2022இல் உறுதியானது. உங்கள் கணக்கில் அது 4,185 டாலர். நிறுவனத்தோடு அதன் தலைவரையும் பொருளாளரையும் சட்டம் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குகிறது. ஜெப ஆலயத்தில் அந்தப் பொருளாளர் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் கணக்குப் பார்க்கும் ஒரு தன்னார்வலர். அவருக்கு இது தெரிந்த அன்றே காசோலை புறப்பட்டுவிடும்.

ஆசிரியர் பங்கான 540க்கு மதப்பணியாளர் விலக்கைக் கிளப்பலாம். 2004இல் ஒரு யூத முதியோர் இல்லத்தின் கோஷர் (யூத உணவு விதி) கண்காணிப்பாளர் தொடுத்த கூடுதல் நேர ஊதிய வழக்கை ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித் தள்ளியிருக்கிறது. ஆனால் பேசிய சம்பளத்தை, வேலை முடிந்தபின் கேட்பதில் யார் போதிக்கலாம் என்ற கேள்வியே எழவில்லை. அலுவலகப் பங்குக்கு இந்தத் தடையே வராது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கையேடுகள், அட்டைகள் அத்தனையையும் பட்டியல் போட்டு இந்த வாரமே திருப்பிக் கொடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் சொல்லும் சாக்கு அன்றோடு போய்விடும்.

2. தலைவருக்கும் பொருளாளருக்கும் ஒரு பக்கக் கடிதம்: தேதி, மணி, தொகை, பத்து நாள் கெடு. வயது, பழிவாங்கல் எதையும் இதில் கலக்காதீர்கள்.

3. வராவிட்டால் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் சம்பளப் புகார். அவர்கள் அனுமதித்தபின், அல்லது 90 நாளுக்குப் பின், நீங்களே வழக்குப் போடலாம். காலவரம்பு மூன்று ஆண்டு.

4. எழுத்தில் கேட்டால் உங்கள் பணிக்கோப்பை ஐந்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். இதையும் கேளுங்கள்.

ஐந்து நாள் கெடு வைத்த அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 40 வயது தாண்டியவர் கூட்டாட்சி வயதுச் சட்ட உரிமையை விட்டுக்கொடுக்க யோசிக்க 21 நாளும், போட்டபின் திரும்பப் பெற 7 நாளும் தர வேண்டும். ஒரே மாற்றியமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவர் போனால் 21 என்பது 45 ஆகும், யார் யார் எந்த வயதில் போனார்கள் என்ற பட்டியலும் தர வேண்டும். ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதை இதற்கு விலையாகக் காட்டவும் முடியாது. சம்பளச் சட்ட உரிமையோ, தாளில் பெயர் சொல்லித் தெளிவாக எழுதினால்தான் விட்டுப்போகும். 2012இல் வந்த மாநிலத் தீர்ப்பு இது.

மற்றவை, சுருக்கமாக

வேலையில்லாக் காப்பீடு: ஜெப ஆலயமும் அது நடத்தும் மத அமைப்புகளும் இத்திட்டத்துக்கு வெளியே இருக்க சட்டம் அனுமதிக்கிறது. தாமாகச் சேர்ந்திருந்தால்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கச் செலவில்லை, விண்ணப்பியுங்கள். அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

பாடம் தயாரித்த நேரம்: மாநிலக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ‘தொழில்முறைச் சேவை’யை விட்டுவைக்கிறது, கூட்டாட்சி விதியும் பள்ளி ஆசிரியரை விலக்குகிறது. வாரம் இரண்டு நாள் பள்ளி அதில் அடங்குமா என்று வாதிடலாம், ஆனால் நீங்கள் போட்ட 4,000 டாலர் கணக்கு கைக்கு வராது. 1838இல் ரெபெக்கா கிராட்ஸ் ஃபிலடெல்ஃபியாவில் யூத ஞாயிற்றுப் பள்ளியைத் தொடங்கியபோது கற்பித்தவர்கள் சம்பளம் வாங்காத பெண்கள். அந்தப் பழக்கத்தின் வாசனை இந்தப் பள்ளிகளின் சம்பளப் பட்டியலில் இன்னும் அடிக்கிறது.

இயக்குநரின் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்யலாமா என்று கேட்டீர்கள். கூடாது. மாசசூசெட்ஸில் அது குற்றம். பேசி முடித்த அன்றே அவர் சொன்னதை மின்னஞ்சலில் அவருக்கே எழுதி உறுதி கேளுங்கள். பெற்றோர் பட்டியல், பிள்ளைகளின் ஒவ்வாமை விவரம் எதையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். நல்ல வழக்கு அதில் கெட்டுப்போகும்.

மகளின் பாத் மிட்ஸ்வா

அடுத்த வசந்தத்தில் மகளுக்கு அதே ஆலயத்தில் பாத் மிட்ஸ்வா, வழக்கென்று போனால் அது என்னவாகும் என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கவலை என்று புரிகிறது. அந்தத் தேதி உங்கள் குடும்ப உறுப்பினர் நிலையோடு சேர்ந்தது, உங்கள் வேலையோடு அல்ல. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: ஊழியருக்கான கட்டணத் தள்ளுபடி உங்கள் உறுப்பினர் சந்தாவிலும் இருந்ததா? இருந்தால் ஜூலையில் புது ரசீது முழுத் தொகையோடு வரும். அதைக் கட்டாமல் விட்டால் தேதியைத் தள்ள அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். தேதியை உறுதி செய்யும் மின்னஞ்சலை இப்போதே, சம்பளக் கடிதத்துக்கு முன்பே, கணவர் பெயரில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ரபியிடம் தனியாகப் பேசுங்கள். பையன் விஷயமாகத் துறையை அழைத்த பிறகு, சம்பளத்தை மட்டும் பேசுங்கள். கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக் கூடாது என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரம், தோராவில் கெதோஷிம் என்ற வாசிப்புப் பகுதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீங்களே நடத்திய பாடம்தான். மூன்று மடங்கு இழப்பீடு என்று பொருளாளரிடம் சொல்லுங்கள். ரபியிடம் இதைச் சொல்லுங்கள்.